தொலைந்த போன் மறுபடியும் பேசுமா? மலையகத்தில் முதல் போன் வாங்குகிறவர்களுக்கு

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் ஓர் அம்மா என் கடைக்கு வந்தார். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம். தீபாவளி முற்பணத்தை வாங்கிக்கொண்டு ஹட்டனுக்குச் சாமான் வாங்க வந்தவரின் கைப்பையை, பஸ்ஸில் நெரிசலுக்குள் யாரோ பிளேடால் கிழித்திருக்கிறார்கள். பணம் தனியே முடிந்து வைத்திருந்ததால் தப்பியது. போன் போய்விட்டது. கொழும்பில் கடை வேலை செய்யும் மகன் எட்டு மாதம் மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுத்த போன்.

"எடுத்தவன் அதில் பேச முடியாதபடி செய்யலாமாமே, தம்பி?" என்று கேட்டார்.

செய்யலாம். அதற்கு ஓர் எண் வேண்டும். "போன் வந்த பெட்டி இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. மழையில் விறகு நனைந்திருந்த ஒரு காலையில், அடுப்புப் பற்றவைக்க அந்தப் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். பற்றுச்சீட்டு இருந்தது, அதில் போனின் பெயரும் விலையும் மட்டும்தான் எழுதியிருந்தது. கூகுள் கணக்கிலிருந்து எண்ணை எடுக்கலாம் என்று பார்த்தால், அந்தக் கணக்கு போன் விற்ற கடையில் அவசரத்துக்குத் திறந்து கொடுத்தது. கடவுச்சொல் அம்மாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது, விற்றவருக்கும் நினைவில்லை.

போன் திருத்துகிற தொழிலில் இப்படி வெறுங்கையோடு திரும்பிப் போகிறவர்களைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமானது. அவர்களிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

அந்த எண் என்ன செய்கிறது

ஒவ்வொரு போனுக்கும் தொழிற்சாலையிலேயே 15 இலக்க எண் ஒன்று இடப்படுகிறது. ஐ.எம்.ஈ.ஐ எண் என்பார்கள். முதல் 8 இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்று சொல்லும். அடுத்த 6 அந்தக் குறிப்பிட்ட கருவிக்கு உரியவை. கடைசி இலக்கம், முன்னால் உள்ள 14 உம் சரிதானா என்று கணக்குப் பார்ப்பதற்கு. இரண்டு சிம் போடும் போன் என்றால் இப்படி இரண்டு எண்கள் இருக்கும்.

போனை இயக்கியதும் அது கோபுரத்தோடு தொடர்புகொண்டு, சிம் யாருடையது என்பதையும் கருவியின் எண் எது என்பதையும் சேர்த்தே தெரிவிக்கிறது. காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் ஆளையும் பார்த்து, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் பெயரையும் பார்த்துத்தான் வேலைக்கு அனுப்புவார்கள் அல்லவா? சிம் தந்த நிறுவனத்தின் வலையமைப்பும் இரண்டையும் பார்க்கிறது. திருடியவன் முதல் வேலையாகச் சிம்மைக் கழற்றி எறிந்துவிடுவான். ஆனால் வேறு சிம்மைப் போட்டாலும் கருவியின் எண் அதே எண்தான். அந்த எண் தடைப் பட்டியலில் ஏறிவிட்டால் வலையமைப்பு அந்தக் கருவியை உள்ளே விடாது. அழைப்பு போகாது, குறுஞ்செய்தி வராது, டேட்டா இயங்காது.

அப்படியானால் தொலைந்த போனை யாராலும் பாவிக்க முடியாதா? அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தடுக்கப்பட்ட போனும் வைஃபையில் இயங்கும். படம் பார்க்கலாம், விளையாடலாம். இலங்கையில் போட்ட தடை வெளிநாட்டு வலையமைப்புகள் எல்லாவற்றுக்கும் தானாகப் போய்ச் சேருவதில்லை. ஒரு நாட்டில் களவு போன போன்கள் இன்னொரு நாட்டில் விலைபோவது அதனால்தான். முழுதாக விற்க முடியாத போனையும் திரை, பெட்டரி, கெமரா என்று பிரித்து விற்கிறார்கள். எண்ணையே மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. பிரித்தானியாவில் இது பெரிய தொல்லையாகி, 2002 இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் தடை போடுவது வீண் அல்ல. பேச முடியாத போனுக்கு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாதி விலைகூடக் கிடைக்காது.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. அது வலையமைப்பில் இல்லை, போனுக்குள்ளேயே இருக்கிறது. அப்பிள் போன்களில் 2013 இல் வந்த ஐஓஎஸ் 7 முதலும், அண்ட்ரொய்ட் போன்களில் 2015 இல் வந்த 5.1 பதிப்பு முதலும், போனை முழுதாக அழித்தாலும் பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கும் முறை வந்துவிட்டது. கடவுச்சொல் தெரியாமல் உள்ளே போக முடியாது. ஐஓஎஸ் 18 முதல், பூட்டிய ஐபோனிலிருந்து கழற்றிய கெமரா, பெட்டரி, திரை போன்றவற்றையும் அந்தப் பூட்டு தொடர்கிறது. ஆனால் இந்தப் பூட்டு வேலை செய்ய வேண்டுமானால் போனில் உங்கள் சொந்தக் கணக்கு இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன் கையில் இருக்கும்போதே

இதை வாசித்துக்கொண்டிருக்கும் போனிலேயே *#06# என்று தட்டுங்கள். அழைப்புப் பொத்தானைக்கூட அழுத்த வேண்டியதில்லை, எண் திரையில் வந்துவிடும். அதைத் தாளில் எழுதுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் அந்தப் படமும் போனோடு போய்விடும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும் அல்லவா, அதற்குள் இந்தத் தாளையும் வையுங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்த ஓர் அக்காவை எனக்குத் தெரியும். மூன்று வருடம் கழித்து அந்தப் பின்னட்டைதான் அவருக்குக் கைகொடுத்தது.

போன் வாங்கும்போது பற்றுச்சீட்டில் இந்த 15 இலக்க எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

போனில் போடும் கூகுள் அல்லது அப்பிள் கணக்கை நீங்களே திறவுங்கள். தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறவுங்கள். கடைக்காரர் தன் வசதிக்கு ஏதோ ஒரு பெயரில் திறந்து தந்தால் அது உங்கள் கணக்கு அல்ல. கடவுச்சொல்லையும் அதே தாளில் எழுதி வைக்கலாம். தாளில் எழுதக் கூடாது என்பார்கள், ஆனால் பூட்டிய தகரப் பெட்டிக்குள் இருக்கும் தாளைவிட மறந்துபோன கடவுச்சொல்லால்தான் எங்கள் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேறொரு போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்கைத் திறக்கப் பார்த்தால், "உங்கள் போனுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்" என்று சொல்லும். அந்தப் போன்தானே தொலைந்திருக்கிறது! கடவுச்சொல்லோடு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கணக்கில் போட்டிருந்தால், இதற்காகவே 8 இலக்கக் குறியீடுகள் பத்தை கூகுள் தரும். அவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அண்ணனின் அடையாள அட்டையில் எடுத்தது, திருவிழாவில் கூடாரம் போட்டு விற்றவரிடம் வாங்கியது என்று தோட்டங்களில் பல சிம்கள் இப்படித்தான் இருக்கின்றன. தொலைந்தபின் அதே இலக்கத்தில் புதுச் சிம் எடுக்கப் போனால் பெயருக்கு உரியவர்தான் வர வேண்டும் என்பார்கள். இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போன் போய்விட்டது. முதல் ஒரு மணி நேரம்

பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி உங்கள் இலக்கத்துக்கு அழையுங்கள். பல போன்கள் பஸ் இருக்கைக்குக் கீழேயும் கொழுந்துச் சாக்குக்கு உள்ளேயும்தான் கிடைக்கின்றன. யாராவது எடுத்துப் பேசினால் அமைதியாகப் பேசுங்கள்; திட்டினால் வைத்துவிடுவார்கள்.

மணி அடித்தும் எடுக்கவில்லை அல்லது அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றால், இன்னொரு போனில் கூகுளின் கருவி தேடும் பக்கத்தைத் திறந்து உங்கள் கணக்கில் நுழையுங்கள். ஐபோன் என்றால் அப்பிளின் தேடும் பக்கம். அங்கே போனைத் தூரத்திலிருந்தே பூட்டலாம். திரையில் ஒரு செய்தியும் வீட்டார் ஒருவரின் போன் இலக்கமும் தெரியும்படி செய்யலாம். கூகுளின் அந்தப் பக்கத்திலேயே போனின் ஐ.எம்.ஈ.ஐ எண்ணையும் பார்க்கலாம். தாள் இல்லாதவர்களுக்கு இது கடைசிக் கதவு.

இந்தப் பூட்டைப் போட்ட பின்னரே சிம்மை நிறுத்துவது நல்லது. சிம் நின்றால் டேட்டா நிற்கும். டேட்டா நின்றால் நீங்கள் அனுப்பும் கட்டளை போனுக்குப் போய்ச் சேராது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் கணக்கைத் திறக்க முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே சிம்மை நிறுத்துங்கள். டயலொக் என்றால் 1777, மொபிட்டெல் என்றால் 1717, ஹட்ச் என்றால் 1788. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீடு, ஈஸி கேஷ் பணம், வட்ஸ்அப் எல்லாம் அந்தச் சிம்மோடு கட்டுண்டவை. போனின் விலையைவிட அதற்குள் இருப்பது பெரிதாக இருக்கலாம். வங்கிச் செயலி வைத்திருந்தவர்கள் வங்கிக்கும் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

"முழுதாக அழி" என்ற பொத்தானும் அந்தப் பக்கத்தில் இருக்கும். அண்ட்ரொய்ட் போனில் அதை அழுத்தினால் அதற்குப் பின் அந்தப் போன் எங்கே என்று தேட முடியாது. திரும்பக் கிடைக்கும் நம்பிக்கை போன பிறகு அதைச் செய்யுங்கள்.

வரைபடத்தில் தெரியும் புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைநாட்டில் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். போனின் இடங்காட்டி (ஜி.பி.எஸ்) இயங்காதபோது கோபுரத்தை வைத்து ஏறக்குறைய ஒரு வட்டம் போட்டுக் காட்டும். எதிர் மலையில் நிற்கும் கோபுரம்தான் எங்களுக்குச் சிக்னல் தருகிறது. அந்த வட்டத்துக்குள் இரண்டு தோட்டமும் ஒரு கடைவீதியும் அடங்கிவிடும். இப்படி ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டு நான்கு பேர் ஒரு லயத்துக்குப் போய் ஒரு பையனைப் பிடித்து அடித்தார்கள். போன் மறுநாள் பஸ் டிப்போவில் இருந்தது, கொண்டக்டர் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பையனின் தாய் என் கடைக்கு வருகிறவர். இன்றும் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. புள்ளியைப் படம் பிடித்துப் பொலிஸாரிடம் கொடுங்கள், நீங்கள் போகாதீர்கள்.

பொலிஸ் நிலையத்தில்

அடையாள அட்டை, 15 இலக்க எண், பெட்டி அல்லது பற்றுச்சீட்டு, எந்த பஸ், எத்தனை மணி, கடைசியாகப் போனை எங்கே பார்த்தீர்கள் என்ற விவரம் ஆகியவற்றோடு போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் சொல்வதும் தமிழில் பதியச் சொல்வதும் உங்கள் உரிமை. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அதைத் தருகிறது. தமிழ் எழுதத் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லை என்று சிங்களத்தில் எழுதினால், கையெழுத்துப் போடும் முன் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். குறிப்பாக அந்த 15 இலக்கங்களை நீங்களே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் பிழைத்தாலும் தடை உங்கள் போனுக்கு விழாது.

பையைக் கிழித்து எடுத்திருந்தால் "களவு போனது" என்றே சொல்லுங்கள். கூச்சத்தில் "தொலைத்துவிட்டேன்" என்று சொல்பவர்கள் பலர். அப்படிப் பதிந்தால் திருட்டு என்று தேட வேண்டிய காரணமே பதிவில் இல்லாமல் போய்விடும்.

பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் திணைக்களத்தின் ஐ-நீட் இணையத்தளத்திலும் தொலைந்த போன் பற்றி அறிவிக்கலாம். போனைத் தடுக்கும் ஏற்பாடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழியாக எல்லா வலையமைப்புகளுக்கும் போகிறது. சிம்மை நிறுத்துவது வேறு, போனைத் தடுப்பது வேறு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

சில நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வரலாம்: "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இடத்தைப் பார்க்க இங்கே அழுத்துங்கள்." அழுத்தினால் கூகுள் அல்லது அப்பிள் பக்கம் போலவே ஒரு பக்கம் வந்து கடவுச்சொல்லைக் கேட்கும். போனை வைத்திருப்பவன்தான் அதை அனுப்புகிறான். உள்பூட்டைத் திறக்க அவனுக்கு உங்கள் கடவுச்சொல் வேண்டும். கொடுத்துவிடாதீர்கள். கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கவும் வேண்டாம், நீக்கினால் பூட்டும் போய்விடும்.

பாவித்த போன் வாங்கும்போது

இங்கேதான் நல்ல மனிதர்களும் தெரியாமல் திருட்டுக்குத் துணை போகிறார்கள். புதுப் போனின் விலை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் என்பதால் பாவித்த போனைத் தேடுவது இயல்பு. நானும் பாவித்த போன் விற்கிறேன். ஆகவே, என்னிடம் வாங்கினாலும் இப்படியே சோதித்துப் பாருங்கள்.

போனைக் கையில் வாங்கியதும் *#06# தட்டி எண்ணைப் பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியிலும், சில போன்களில் சிம் தட்டிலும் அதே எண் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்பட்டால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஐ, எம், ஈ, ஐ என்ற நான்கு எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் தட்டி 1909 க்கு அனுப்புங்கள். அந்தப் போன் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பும் அக்காமார் கொண்டுவரும் போன்களுக்கும் இது முக்கியம். பதிவாகாத கருவிகளுக்கு வலையமைப்புச் சேவை கிடைக்காது என்று ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதிவான போன் என்பதற்குக் களவு போகாத போன் என்று பொருள் இல்லை. இலங்கையில் முறையாக விற்ற போனைத்தானே பஸ்ஸில் திருடுகிறார்கள்.

உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுங்கள். அழைப்புப் போகிறது என்பதும் முழுச் சாட்சி அல்ல. நேற்றுத் திருடிய போனுக்கு நாளைதான் தடை வரும். நோர்வூட்டில் இருந்து ஒரு தம்பி, பாவித்ததாக வாங்கிய ஒரு போனை என்னிடம் கொண்டுவந்தார். அது மூன்று வாரம் நன்றாக இயங்கியது. பிறகு ஒரு காலையில் சிக்னல் இல்லை. விற்றவனை அழைத்துக் கேட்கப் பார்த்தால், அவனுடைய இலக்கம் நிறுத்தப்பட்டிருந்தது.

ஆகவே கடைசிச் சோதனைதான் பெரிய சோதனை. விற்பவர் உங்கள் கண் முன்னே தன் கணக்கைப் போனிலிருந்து நீக்கி, போனை முழுதாக அழித்து, மறுபடி இயக்கிக் காட்ட வேண்டும். பழைய கணக்கு எதையும் கேட்காமல் போன் உள்ளே போனால் சரி. "கடவுச்சொல் மறந்துவிட்டது, பக்கத்துக் கடையில் திறந்து தருவார்கள்" என்றால் வேண்டாம். அது தன் போன் என்றால் கணக்கை மீட்டுக் கொண்டுவர அவரால் முடியும். அவர் மீட்கட்டும், நீங்கள் அடுத்த வாரம் வாங்கலாம்.

திருப்தி என்றால் பற்றுச்சீட்டு எழுதுங்கள். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், போனின் 15 இலக்க எண், திகதி, கையெழுத்து. களவுப் பொருள் என்று தெரிந்தோ அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டக் கோவையின் 394 ஆம் பிரிவின் கீழ் குற்றம். பிறகு பொலிஸார் வந்து கேட்டால், நீங்கள் நேர்மையாக வாங்கினீர்கள் என்று காட்ட அந்தச் சீட்டு உதவும்.

கண்டெடுத்தால், திரும்பக் கிடைத்தால்

பஸ்ஸிலோ ரயிலிலோ போன் கண்டெடுத்தால் அணைக்காதீர்கள், சிம்மைக் கழற்றாதீர்கள். பெட்டரி இறங்கியிருந்தால் சார்ஜ் போடுங்கள். உரியவர் அழைப்பார். அழைக்காவிட்டால் டிப்போவிலோ, நிலைய அதிபரிடமோ, பொலிஸிலோ கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள். கீழே கிடந்தது என்பதால் அது எடுத்தவருடையது ஆகிவிடாது. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் படிகளில் விழும் போன்களில் பல, எடுத்தவர் பயத்தில் அணைத்து வைத்ததாலேயே உரியவரிடம் போய்ச் சேராமல் கிடக்கின்றன.

உங்கள் போன் திரும்பக் கிடைத்தால் முறைப்பாடு கொடுத்த நிலையத்துக்கே போய்ச் சொல்லுங்கள். முறைப்பாட்டுப் பிரதியைக் காட்டி, எண்ணின் மேலுள்ள தடையை நீக்கும்படி கேளுங்கள். அது தானாக நீங்காது. தடை நீங்கியதும் உங்கள் சிம்மைப் போட்டு அழைத்துப் பாருங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு பக்கத்திலும் அழைத்துப் பாருங்கள். ஓர் எண்ணின் தடை நீங்கி மற்றது அப்படியே இருந்த போன்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.